வியர்த்து வந்த பிப் ஷார்ட்ஸை என்ன செய்வது? சைக்கிள் உடைகளைத் துவைத்துப் பராமரிக்கும் முறை

காசு கொடுத்து வாங்கிய நல்ல பிப் ஷார்ட்ஸ் (தோள்பட்டி வைத்த, உடம்பை ஒட்டிய சைக்கிள் கால்சட்டை) ஒரே வருடத்தில் தொளதொளத்துப் போனால் பழி துணியின் மேல் விழும். ஆனால் சைக்கிள் உடைகள் சாலையில் கெடுவதைவிட வீட்டில் கெடுவதுதான் அதிகம். அழுக்குக் கூடையில் சுருண்டு கிடக்கும் பகல் முழுவதும், கைநிறைய அள்ளிப் போடும் சோப்புத் தூள், முறுக்கிப் பிழிதல், மொட்டைமாடி உச்சி வெயில் என்று காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றிலும் மோசமானது முதலில் சொன்னது.

முதலில் துணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்சி பெரும்பாலும் பாலியெஸ்டர். ஷார்ட்ஸ் நைலான் அல்லது பாலியெஸ்டரோடு எலாஸ்டேன் இழை கலந்தது. இந்த எலாஸ்டேனைத்தான் நாம் லைக்ரா என்கிறோம். லைக்ரா ஒரு வணிகப் பெயர். டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1958-இல் உருவாக்கிய இழை அது. ரப்பர் போல இழுபட்டுத் திரும்பும். வெப்பமும் குளோரினும் அதற்கு ஆகாது. துணி பார்க்கப் புதிதாகவே இருக்கும், உள்ளே இழை மட்டும் இற்றுப் போயிருக்கும்.

ஷார்ட்ஸின் உள்ளே, உட்காருமிடத்தில் மெத்தை போலத் தைத்திருக்கும் பேட் தனி விஷயம். ஒரு காலத்தில் அது நிஜமாகவே தோலாக இருந்தது. துவைத்துக் காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைக்கும். க்ரீம் தடவி இளக்கித்தான் போட்டுக்கொள்ள வேண்டும். இன்றைய பேட் அடுக்கடுக்கான ஃபோம், மேலே மென்மையான மைக்ரோஃபைபர் துணி. ஃபோம் என்றால் பஞ்சுதான். தண்ணீர், வியர்வை, எண்ணெய், சோப்பு, கிருமி எல்லாவற்றையும் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பிப் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடுவதில்லை என்பதால் அது மேலாடை, உள்ளாடை இரண்டுமாக இருக்கிறது. ஆகவே ஒரு ரைடுக்கு ஒரு சலவை, அது அரை மணி நேர ரைடாக இருந்தாலும் சரி. நேற்று போட்டதை உலர்த்தி இன்று மறுபடி போட்டால் மயிர்க்கால் அழற்சியும் சீட்டில் உட்காரவிடாத கொப்புளமும் வருவதற்கு வழி திறந்துவிட்டோம் என்று அர்த்தம். வாரத்துக்கு 3 நாள் ஓட்டுகிறவரிடம் குறைந்தது 2 ஷார்ட்ஸ் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த அரை மணி நேரத்துக்குள்

வியர்வைக்கு என்று பெரிய நாற்றம் கிடையாது. அதைத் தின்று வளரும் பாக்டீரியாதான் நாற்றத்தை உண்டாக்குகிறது. பாலியெஸ்டரில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அந்த இழை தண்ணீரை விலக்கி எண்ணெயை ஒட்டிக்கொள்ளும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நாற்றம் கிளப்பும் மைக்ரோகாக்கஸ் வகைக் கிருமிகள் பருத்தியைவிடப் பாலியெஸ்டரில் நன்றாக வளர்வதைக் காட்டினார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் சுருட்டிப் போட்ட ஈர ஜெர்சி ஒரு பகலுக்குள் அழுகல் வாடை அடிப்பதில் ஆச்சரியமே இல்லை.

ஆகவே சுலபமான வழி: குளிக்கப் போகும்போதே உடையையும் கையோடு எடுத்துப் போய்விடுங்கள். ஜெர்சியின் முதுகுப் பக்கத்துப் பை மூன்றையும் துழாவுங்கள். கடலை மிட்டாய் உறை, ஜெல் உறை, நனைந்த பத்து ரூபாய் நோட்டு ஏதாவது இருக்கும். போட்டியில் எண் அட்டை குத்திய ஊக்கு இருந்தால் கழற்றுங்கள், துருப்பிடித்தால் கறை போகாது. பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, குழாய்த் தண்ணீரில் ஒருமுறை நன்றாக ஓடவிட்டு அலசுங்கள். உப்பும் வியர்வையும் இந்த ஒரே அலசலில் பெரும்பகுதி போய்விடும். கறுப்பு ஷார்ட்ஸில் தேசப்படம் மாதிரி வெள்ளைக்கோடு தெரிகிறதே, அது உப்பு. அதற்குச் சோப்பும் வேண்டாம், தேய்ப்பும் வேண்டாம், தண்ணீர் போதும்.

அலுவலகத்துக்கு ஓட்டிப் போகிறவர்கள் உடனே துவைக்க முடியாது. முடிந்தால் அலசிப் பிழிந்து தொங்கவிடுங்கள். அதுவும் முடியாவிட்டால் உள்பக்கத்தைப் புரட்டிக் காற்றாடத் தொங்கவிட்டாலே போதும். பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைப்பதுதான் கூடாதது.

கையால் துவைப்பது

சைக்கிள் உடைக்குக் கைச்சலவைதான் நல்லது, பத்து நிமிட வேலை.

1. ஒரு வாளியில் 5 லிட்டர் குளிர்ந்த தண்ணீர். கோடைகாலத்து மத்தியானத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும், அதைப் பிடிக்காதீர்கள். காலையிலேயே பிடித்து வைத்த தண்ணீர் நல்லது.

2. திரவ டிடர்ஜென்ட் ஒரு டீஸ்பூன், மிஞ்சினால் ஒன்றரை. ஒரு ஜெர்சி, ஒரு ஷார்ட்ஸ், ஒரு ஜோடி சாக்ஸுக்கு இது தாராளம். தூள்தான் இருக்கிறது என்றால் தனியாக ஒரு சொம்பில் முழுக்கக் கரைத்த பிறகு ஊற்றுங்கள். கரையாத தூள் பேடுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அடுத்த ரைடில் வியர்வை பட்டதும் தோலை எரிக்கும்.

3. ஜெர்சியின் ஜிப்பை மேல்வரை ஏற்றிவிட்டு, எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே இருக்கும்படி போடுங்கள். 20 நிமிடம் ஊறட்டும். ராத்திரி முழுக்க ஊறவைப்பது பழைய வேட்டி, பெட்ஷீட்டுக்கான பழக்கம். இங்கே அது அழுக்குத் தண்ணீரில் கிருமி வளர்க்கும் வேலை.

4. பேடில் விரல்களால் அழுத்தி அழுத்தி விடுங்கள், மாவு பிசைவது போல. பிரஷ் வேண்டாம். மேல்துணி நூல் எழும்பிச் சொரசொரத்தால் தொடை உராய்ந்து புண்ணாகும். துவைக்கிற கல்லில் அடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

5. மூன்று தண்ணீரில் அலசுங்கள். கடைசி அலசலில் பேடை மட்டும் கையில் பிடித்து அழுத்திப் பாருங்கள். நுரை வந்தால் இன்னும் ஒரு தண்ணீர்.

இந்த ஐந்தாவது படியில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். போர்வெல் தண்ணீர் கடினமாக இருக்கும் இடங்களில், சாதாரண சோப்புக் கட்டியால் துவைத்தால் தண்ணீரிலுள்ள கால்சியம், மக்னீசியத்தோடு சோப்பு சேர்ந்து திரைத்துப் போய், பிசுபிசுப்பான படலமாக இழையில் படியும். அப்படிப் படிந்த ஜெர்சி வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளாது. உடம்போடு ஒட்டிக் கனக்கும். ஆகவே சோப்பு அல்ல, டிடர்ஜென்ட். கடைசித் தண்ணீர் நல்ல தண்ணீராக ஒரு வாளி கிடைத்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

துணி கண்டிஷனரைத் தொடவே வேண்டாம். அது இழையின் மேல் வழவழப்பான பூச்சுப் பூசித்தான் துணியை மிருதுவாக்குகிறது. அந்தப் பூச்சு வியர்வை உறிஞ்சும் வழியை அடைக்கும், வாடையையும் உள்ளே பூட்டி வைக்கும். கஞ்சி, சொட்டு நீலம் இரண்டுக்கும் இங்கே வேலையில்லை. குளோரின் ப்ளீச் எலாஸ்டேனை அரித்துவிடும், வெள்ளை லைக்ராவை மஞ்சளாக்கும். சிலர் அலசல் தண்ணீரில் கிருமிநாசினித் திரவம் ஊற்றுவார்கள். அது பேடில் தங்கினால் எரிச்சல் தருவது நம் தோலுக்குத்தான்.

மெஷினில் போடுவதானால்

வலைப்பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிப்பின் தோள்பட்டிகள் மற்றத் துணிகளோடு சுற்றி முறுக்கிக்கொள்வதை அது தடுக்கும். மேலே திறக்கும் மெஷினில் இந்தத் தொல்லை ரொம்ப. முன்பக்கம் திறக்கும் மெஷினில் 30 டிகிரி, டெலிகேட் அல்லது ஸ்போர்ட்ஸ் சலவை, 600 முதல் 800 வரை சுழற்சி, கூடுதலாக ஒரு அலசல். காட்டன் சலவையில் வைத்தால் மெஷின் தானாக 40 அல்லது 60 டிகிரிக்குத் தண்ணீரைச் சூடாக்கலாம். அழுத்துவதற்கு முன்னால் பாருங்கள்.

ஜீன்ஸ், துண்டு, ஹூக் வைத்த உள்ளாடை, வெல்க்ரோ வைத்த எதையும் கூடச் சேர்க்காதீர்கள். துண்டின் பஞ்சு லைக்ரா முழுக்க அப்பிக்கொள்ளும். வெல்க்ரோ அதைவிட ஆபத்து. கிளவுஸின் பட்டை ஒன்று திறந்திருந்தால் போதும், புது ஷார்ட்ஸில் நூல் இழுத்துவிடும். இழுத்ததைச் சரிசெய்ய வழியே கிடையாது.

உலர்த்துவது

பிழியும்போது முறுக்காதீர்கள். நீளவாக்கில் மடித்து உள்ளங்கைகளால் அழுத்தித் தண்ணீரை விடுங்கள். பிறகு ஒரு காய்ந்த துண்டை விரித்து, மேலே உடையைப் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, முழங்காலால் அழுத்துங்கள். சொட்டுவது நின்றுவிடும். மழைக்காலத்தில் இது உலரும் நேரத்தை வெகுவாகக் குறைக்கும்.

நிழல், காற்று, பேட் வெளியே தெரியும்படி: இதுதான் முறை. புற ஊதாக் கதிர் எலாஸ்டேனையும் சாயத்தையும் சேர்த்தே தின்னும். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு நிறங்கள் முதலில் வெளுக்கும். சாலையில் பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணில் பட வேண்டும் என்றுதானே அந்த நிறத்தை வாங்கினோம். பேடுக்கு வெயில் காட்டியே ஆக வேண்டும் என்று தோன்றினால் காலை இளவெயிலில் அரை மணி நேரம், அதுவும் உள்பக்கம் மட்டும் படும்படி.

பிப்பைத் தோள்பட்டியில் தொங்கவிடாதீர்கள். ஈரப் பேடின் கனம் பட்டியை இழுத்து நீட்டிவிடும். இடுப்பு வரும் இடத்தைக் கொடியின் மேல் மடித்துப் போடுங்கள். துணிக் கிளிப் போட்டால் லைக்ராவில் பல் பதியும். தைத்த விளிம்பில் மட்டும் போடலாம்.

வெளியே காய்ந்தது போல இருக்கும், பேடின் நடுப்பகுதி மட்டும் ஈரமாகவே இருக்கும். இரண்டு விரலுக்கு நடுவே அழுத்திப் பிடித்துப் பாருங்கள், ஜில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மின்விசிறிக்கு அடியில் நாற்காலி முதுகில் போடுவதுதான் வழி. ஏசி அறை இருந்தால் இன்னும் நல்லது, அது காற்றிலுள்ள ஈரத்தையே எடுத்துவிடும். இஸ்திரிப்பெட்டி, ஹேர் டிரையர், சூடான உலர்த்தி மூன்றும் கூடாது. இஸ்திரி வண்டிக்குப் போகும் மூட்டையில் ஜெர்சி தவறிப் போய்விடாமல் வீட்டில் சொல்லி வையுங்கள். கரிப்பெட்டி ஒரு நொடி நின்றாலே பாலியெஸ்டர் பளபளத்து உருகிவிடும்.

துவைத்தும் நாற்றம் போகவில்லை என்றால்

காய்ந்தபோது ஒன்றும் தெரியாது, போட்டு வியர்த்த பத்தாவது நிமிடம் பழைய வாடை எழும்பும். இழைக்குள் எண்ணெயும் சோப்புப் படலமும் தங்கி, அதில் கிருமி குடியிருக்கிறது என்று பொருள். இன்னும் அதிகச் சோப்புப் போட்டால் இன்னும் மோசமாகும்.

5 லிட்டர் தண்ணீரில் 100 மில்லி வெள்ளை வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு வழக்கம்போல ஒரு டீஸ்பூன் டிடர்ஜென்டில் துவையுங்கள். மாதம் ஒருமுறைக்கு மேல் தேவைப்படாது. அதற்கும் மசியவில்லையென்றால் அடுத்த சலவையில், அதே அளவு தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் நுரை பொங்குவதைப் பார்க்க ஏதோ பெரிய வேலை நடப்பதுபோல் இருக்கும்; உண்மையில் அமிலமும் காரமும் ஒன்றை ஒன்று செயலிழக்கச் செய்துவிடும். வினிகரை ப்ளீச்சோடு மட்டும் ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயுவான குளோரின் வெளியேறும்.

நம் பக்கத்தில் பேடில் தேங்காய் எண்ணெய் தடவி ஓட்டுகிறவர்கள் உண்டு. உராய்வைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் ஃபோமுக்குள் இறங்கிய எண்ணெய் சாதாரணச் சலவையில் வராது, நாளடைவில் காறல் வாடை அடிக்கும். எண்ணெயோ க்ரீமோ தடவிய நாளில், துணி நனைவதற்கு முன்பே பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டுப் பேடில் விட்டு விரலால் தேய்த்து, பத்து நிமிடம் கழித்துத் துவையுங்கள்.

கறைகள்

செயின் மசி கறுப்பாக இருப்பது எண்ணெயால் மட்டுமல்ல, தேய்ந்த உலோகத் தூளும் அதில் இருக்கிறது. கெண்டைக்காலிலும் ஷார்ட்ஸின் வலது விளிம்பிலும்தான் வழக்கமாக ஒட்டும். துணி காய்ந்திருக்கும்போதே பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டு, 15 நிமிடம் கழித்துப் பழைய மெல்லிய பல் பிரஷால் ஒரே திசையில் லேசாகத் தள்ளுங்கள். முதலில் தண்ணீர் ஊற்றினால் பரவத்தான் செய்யும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் வேண்டாம். அச்சடித்த எழுத்தும் ரப்பர் பிடிப்பும் உரிந்து வரும்.

சேறு பட்டால் தேய்ப்பதற்கு முன் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சி மண்ணை வெளியேற்றுங்கள். மண்ணோடு தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரி. விழுந்து அடிபட்ட நாளின் ரத்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டும். வெந்நீர் பட்டால் புரதம் இறுகி, கறை நிரந்தரமாகும்.

சன்ஸ்கிரீன் கறை பலருக்குப் புரியாத புதிர். வெள்ளை ஜெர்சியின் கழுத்திலும் கையோரத்திலும் துவைத்த பிறகு ஆரஞ்சு நிறத்தில் எழும்பும். அவோபென்சோன் என்ற சேர்மானம் தண்ணீரிலுள்ள இரும்போடு சேர்ந்து துரு மாதிரி நிறம் கொடுக்கிறது. இரும்பு கலந்த போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் வர வாய்ப்பு அதிகம். ப்ளீச் போட்டால் அதிகமாகும். துவைப்பதற்கு முன் அந்த இடத்தில் பாத்திரம் கழுவும் திரவம். ஏற்கெனவே எழும்பிவிட்டதென்றால் எலுமிச்சைச் சாறு தடவி அரை மணி நேரம் வைத்து அலசுங்கள். சன்ஸ்கிரீனைத் தடவிப் பத்துப் பதினைந்து நிமிடம் தோலில் ஊறவிட்டு உடை மாட்டினால் பாதிக் கறை வராது. தொடையில் பிடிக்கும் சிலிக்கோன் பட்டை வழுக்குவதற்கும் காரணம் பெரும்பாலும் இந்த லோஷன்தான்; ஈரத்துணியில் சோப்புத் தொட்டுத் துடைத்தால் மறுபடி பிடிக்கும்.

கிளவுஸ், ஹெல்மெட், ஷூ, மழைச்சட்டை

கிளவுஸைக் கையில் மாட்டிக்கொண்டே சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அவ்வளவுதான். பிழியாமல் அழுத்திவிட்டு நிழலில் வையுங்கள். உள்ளங்கை தோலாக இருந்தால் வெயிலில் விறைத்து வெடிக்கும்.

ஹெல்மெட்டின் உள்பேடுகளைக் கழற்றி வாரம் ஒருமுறை ஷாம்பூவில் கசக்கி அலசுங்கள். எது எங்கே இருந்தது என்று கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. தாடைப் பட்டையை ஈரத்துணியால் துடைக்கலாம். ஹெல்மெட் ஓட்டின் மேல் பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் நீக்கி எதுவும் படக் கூடாது. உள்ளே இருக்கும் பாலிஸ்டைரீன் நுரை கரைந்துவிடும், வெளியே தெரியாது.

ஷூ நனைந்தால் உள்ளட்டையை உருவித் தனியாகக் காயவையுங்கள். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெயிலில் வைத்தால் அடியட்டைப் பசை இளகிப் பிரியும். சாக்ஸ் புரட்டித் துவைத்தால் போதும்.

மழைச்சட்டையில் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் பரவ ஆரம்பித்தால், முதலில் துவைத்துப் பாருங்கள். அழுக்கே காரணமாக இருக்கும். லேபிள் அனுமதித்தால் மட்டும் மேலே ஒரு துணி விரித்து மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டால் தண்ணீரை விலக்கும் மேல்பூச்சு உயிர்பெறும். ஈரத்தோடு மடித்து வைத்தால் உள்பூச்சு பிசுபிசுத்து உரியும். ராத்திரி ஓட்டுவதற்கான ஒளிர் வெஸ்டில் பட்டைகளைத் தேய்க்கவோ மடித்துப் பிழியவோ வேண்டாம். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் நுண்ணிய கண்ணாடி மணிகள், அவை உதிர்ந்தால் பட்டை வெறும் சாம்பல் துணி. எத்தனை சலவை தாங்கும் என்று சில வெஸ்டுகளின் லேபிளிலேயே எண் இருக்கும்.

மெரினோ கம்பளி உடை வைத்திருப்பவர்கள் கம்பளிக்கான திரவம்தான் பயன்படுத்த வேண்டும். சாதாரண டிடர்ஜென்டில் புரதக் கறையைத் தின்ன என்ஸைம் சேர்த்திருப்பார்கள், கம்பளியும் புரதம்தான். தொங்கவிடாமல் படுக்கைவாக்கில் விரித்துக் காயவையுங்கள்.

நீண்ட பயணத்தில்

600 கிலோமீட்டர் பிரெவேக்கு (நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம்) 40 மணி நேரம் தருகிறார்கள். நடுவே ஒரு லாட்ஜில் மூன்று மணி நேரம் தூங்கும்போது ஷார்ட்ஸை அலசிப் போடலாமா என்றால், காய்வதற்கு வழியிருந்தால் மட்டும். ஈரப் பேடோடு கிளம்புவது அழுக்குப் பேடைவிட மோசம், ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். மாற்று ஷார்ட்ஸ் ஒன்றைச் சுருட்டி எடுத்துப் போவதே புத்தி. நாள்கணக்கான சுற்றுப்பயணம் என்றால் வந்ததும் அலசி, துண்டில் சுருட்டி மிதித்து, விசிறிக்கு அடியில் போட்டால் காலையில் தயார். லாட்ஜில் கொடுக்கும் குளியல் சோப்பு வேண்டாம், கையோடு ஒரு ஷாம்பூ சாஷே போதும்.

எப்போது விடைகொடுப்பது

ஷார்ட்ஸின் பின்பக்கத்தைக் கைகளால் விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். உங்கள் விரல்கள் தெரிந்தால், பின்னால் ஓட்டி வருகிறவருக்கும் தெரிகிறது. நண்பர்கள் கூச்சத்தில் சொல்ல மாட்டார்கள். துணியை இழுத்தால் மொறுமொறுவென்று சத்தம் வருவதும், வெள்ளையாகச் சுருண்ட ரப்பர் நூல்கள் மேலே எட்டிப் பார்ப்பதும் எலாஸ்டேன் அறுந்ததற்கு அடையாளம். பேடை அழுத்தி விட்டால் எழும்பி வர வேண்டும். குழியாகவே நின்றால் ஃபோம் செத்துவிட்டது. துணி மட்டும் மெலிந்து பேட் நன்றாக இருந்தால் வீட்டுக்குள் ட்ரெயினரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) ஓட்ட வைத்துக்கொள்ளலாம். பேட் தட்டையாகிவிட்டதென்றால் அதற்கும் உதவாது.